ராஜவேலுவுக்கு நாலு வராது

ஒரு இசைக்குழுவுக்கு 'ஏழரை' என்று பெயர் வைக்க வேண்டுமானால் நிறையப் படித்திருக்க வேண்டும். ஜெயக்குமார் படித்திருந்தான். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் குடும்பம். இவன் இன்ஜினியரிங் முடித்து, வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கிதார் வாசித்துப் பாடினான். அவன் போட்ட முதல் பாட்டுக்குத் தாளம் ஏழரை அடி. அதுவே குழுவுக்குப் பெயராகிவிட்டது. "நாம சனியைக் கூப்பிடல, கணக்கைத்தான் கூப்பிடறோம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினான். விளக்கம் கேட்டவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு குழுவைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவன் ராஜவேலு. மற்ற மூவரையும் விடப் பத்து வயது மூத்தவன். ஓரிக்கையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கருமாதி என்று எதற்கும் அவன் பாக்ஸ்தான் போகும். தாமலில் பிறந்தவன், அவன் அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் உழைத்துப் போய்ச் சேர்ந்தவர். ராஜவேலு பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு மைக் செட்டுக்காரரிடம் ஒயர் சுருட்டப் போனான். சுருட்டிச் சுருட்டியே சொந்தத் தொழிலுக்கு வந்துவிட்டான்.

அவன் வாசிக்க வந்தது வேடிக்கை. மாகறலில் கச்சேரி முடித்த மெல்லிசைக் குழு ஒன்று அங்கேயே சண்டை போட்டுக்கொண்டு கலைந்ததில், பேஸ் கிதார் ஒன்று அவன் வண்டியிலேயே தங்கிவிட்டது. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. கொடோன் மூலையில் சாத்தி வைத்திருந்தான். பயிற்சிக்கு இடம் கேட்டு வந்த ஜெயக்குமார் அதைப் பார்த்தான். இடமும் பாக்ஸும் ஆம்ப்ளிபையரும் கிதாரும் ஒரே ஆளிடம் இருக்கும்போது அந்த ஆளையும் குழுவில் சேர்த்துக்கொள்வதுதான் சிக்கனம் என்று அவனுக்குப் பட்டது.

"வாசிக்கறது கஷ்டமே இல்லண்ணா. எண்ணத் தெரிஞ்சா போதும்" என்றான்.

ராஜவேலு தன் வழியில் எண்ணினான். ஏழு அடி என்றால் கிழமைகளைச் சொல்லிக்கொள்வான். ஒன்பதுக்கு நவக்கிரகம். பதினொன்றுக்கு ராசிகள், மீனத்தை விட்டுவிட்டு. அவன் மனைவி அம்சா மீன ராசி. "என்னைத்தான் கழிச்சுட்டியா" என்று அவள் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ராஜவேலுவுக்கு அந்த இசை பிடித்துப்போய்விட்டது. இருபது வருஷமாக எல்லாப் பாட்டையும் பாக்ஸ் பக்கத்தில் நின்று கேட்டவன் அவன். எந்த இடத்தில் பல்லவி வரும், எந்த இடத்தில் கைதட்டல் வரும் என்பது தூக்கத்திலும் தெரியும். ஜெயக்குமாரின் பாட்டில் அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. நேராகப் போய்க்கொண்டிருக்கும், சட்டென்று சந்துக்குள் திரும்பும், சுவர் இருக்கும் என்று நினைத்தால் குளம் இருக்கும். வாசித்து முடித்தால் எங்கோ போய்வந்த மாதிரி இருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவனை எல்லோரும் 'செட்டு அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் ஆல்பத்தின் பெயர் 'அண்டமும் பாவும்'. பிரபஞ்சம் என்பது தறியில் ஏற்றிய பாவு என்று அதற்குத் தத்துவம். அதிலிருந்த பெரிய பாட்டு அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் வாசித்தபோது நடுவில் கரண்ட் போனது. அன்றைக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அப்போது கிடைத்ததுதான். ராஜவேலு ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டான். ஜெயக்குமார் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். முடிந்தபோது எதிரில் நாற்காலி அடுக்குகிற ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடோனில் ஜெயக்குமார் ஒரு அறிவிப்புச் செய்தான்.

"உலகத்துல நம்மள மாதிரி கணக்குப் போட்டு வாசிக்கற எல்லாப் பெரிய புரோக்ரெசிவ் ராக் பேண்டும் ஒரு கட்டத்துல ஈசியா ஒரு ஆல்பம் போட்டிருக்காங்க. நாமளும் போடறோம். எல்லாப் பாட்டும் நாலு நிமிஷம், நாலு அடி. பேரு 'எல்லோருக்கும்'."

டிரம்ஸ் வாசிக்கும் கமல் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். அவன் தோள்பட்டைக்கு ஏற்கெனவே வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கீபோர்டு ஜோசுவா சர்ச்சில் வாசிக்கிறவன், அவனுக்கு நாலு அடி ஞாயிறு காலைச் சாப்பாடு மாதிரி. ராஜவேலு மட்டும், "பழசு நல்லாத்தானே இருக்குதுபா" என்றான்.

ஜெயக்குமார் அவன் தோளில் கை வைத்தான். "எங்களுக்காகச் சொல்றீங்கண்ணா, புரியுது. ஆனா இந்த ஆல்பமே உங்களை மாதிரி ஜனங்களுக்குத்தான். நாங்க இறங்கி வரணும்."

பையன் முகத்தில் அப்படி ஒரு தாராளம் தெரிந்தது. அதைக் கெடுக்க ராஜவேலுவுக்கு மனம் வரவில்லை.

ஜனத்துக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க ஜனம் வேண்டுமே. அதற்கு அம்சாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் வீட்டில் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக்கொடுக்கிறவள்; வேலையைக் கொடோனுக்கே எடுத்துவரச் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் மின்விசிறி. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் நாலு பேரும் அவள் முகத்தையே பார்ப்பார்கள்.

"நல்லாக்கீது" என்பாள் அம்சா.

"எது நல்லா இருக்குதுக்கா? மெலடியா, ரிதமா?"

"எல்லாந்தான்."

ஜெயக்குமாருக்கு இரண்டு வாரம் தூக்கம் போயிற்று. விடாமல் கேட்டதில் ஒருநாள் அவள், "கொஞ்சம் குத்து போட்டா தேவலை" என்றாள். போட்டார்கள். "எங்க அண்ணன் செத்தப்போ ஒரு பாட்டு போட்டாங்க, அதுமாதிரி சோகமாவும் இருக்கணும்" என்றாள். அதையும் சேர்த்தார்கள். அவள் ஜனமென்றால் மற்றவர்களும் ஜனம்தானே என்று ஜெயக்குமாரின் மாமா நமச்சிவாயத்தையும் வரவழைத்தார்கள். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர். ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"புடவை வாங்க வர்றவங்க முந்தானையைப் பாத்துதான்பா எடுக்கறாங்க. உடம்பை யாரு பாக்கறாங்க? உன் பாட்டுல முந்தானை எங்க இருக்குது?"

முந்தானையை முதலில் கொண்டுவந்தார்கள். பிறகு நடுவிலும் ஒன்று, கடைசியிலும் ஒன்று. எளிமையாக ஆரம்பித்த 'ஜரிகைக்காரி' என்ற பாட்டு எல்லோருடைய எளிமையும் சேர்ந்து பதினொரு நிமிஷத்துக்குப் போனது. "எளிமைங்கறது ரொம்ப சிக்கலான விஷயம்" என்றான் ஜெயக்குமார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி வெட்டி நாலு நிமிஷத்துக்குள் கொண்டுவந்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ராஜவேலுவுக்கு நாலு வரவில்லை.

விரல்கள் பழகியது ஏழும் ஒன்பதும்தான். நாலுக்குத் திசைகளை வைத்துப் பார்த்தான்: கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. வடக்கு வந்ததும் விரல் இன்னும் எங்கேயோ போகத் துடித்தது. கேட்டால் எல்லாம் புரிகிறது, கை வைத்தால் இடறுகிறது. மூன்று மாதம் தினமும் காலையில் கடை திறக்குமுன் உட்கார்ந்து பழகினான். ஓரளவு வந்தது.

நமச்சிவாயத்தின் புதுக்கடை திறப்பு விழாவில் முதல் கச்சேரி. கடையை ஒட்டியே மேடை. அழைப்பிதழில் ஏழரையைப் போட முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் 'ஜெயக்குமார் குழுவினரின் இன்னிசை' என்று அச்சாகியிருந்தது. கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், புடவைப் பைகளோடு குடும்பங்கள், காலேஜ் பிள்ளைகள் என்று கூட்டம் நின்றது. 'ஜரிகைக்காரி' ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். ஜெயக்குமார் கண்ணில் நீர் கட்டியது. ஜனம் கடைசியில் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேடைக்குக் கீழிருந்து ஒரு ஆள் ராஜவேலுவைக் கூப்பிட்டான். திருப்புட்குழிக்காரன், பழைய வாடிக்கை.

"அண்ணா, வெள்ளிக்கிழமை செட்டு ஃப்ரீயா இருக்குதா?"

வாசித்துக்கொண்டே ராஜவேலு யோசித்தான். வியாழன் ஒரு காதுகுத்து, வெள்ளி... கிழமை மனதில் வந்ததுதான் தாமதம், விரல் பழைய வழக்கத்துக்கு ஓடிவிட்டது. இரண்டு நாலாக எட்டு அடி வரவேண்டிய இடத்தில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு அடி வாசித்து முடித்து, அடுத்த வரிக்குப் போய்விட்டான். கமல் வேறு வழியில்லாமல் கூடவே தாவினான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய காலை வைப்பதற்குள் தாளம் வந்து விழுந்துவிட்டது. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் தடுக்கியது. தடுக்கியவர்கள் சிரித்தார்கள். அடுத்த சுற்றிலும் கை அங்கேயே தவறியது. இப்போது வேண்டுமென்றே தடுக்கினார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் ராஜவேலு ஜெயக்குமாரிடம் மன்னிப்புக் கேட்டான். ஜெயக்குமார் கிதாரைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அந்த வாரத்திலேயே தடுக்கி விழுகிற ஆட்டம் ரீல்ஸில் பரவியது. கல்யாண மண்டபத்தில் தடுக்கினார்கள், ஃபேக்டரி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தடுக்கினார்கள், ஒரு மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு தடுக்கினான். யூடியூப் சேனல் ஒன்றின் பேட்டியில் ஜெயக்குமார், "அந்த ஒரு அடியை வேணும்னேதான் எடுத்தோம். வாழ்க்கையில நம்ம எல்லாருக்கும் ஒரு அடி குறையுதுங்கறதுதான் கான்செப்ட்" என்றான். ராஜவேலு அதை அம்சாவின் செல்போனில் இரண்டு முறை பார்த்தான்.

"நீதானே தப்பா வாசிச்ச?" என்றாள் அம்சா.

"ஆமா."

"அவரு வேற மாதிரி சொல்லிக்கினு இருக்காரு?"

"படிச்சவராச்சே" என்றான்.

ஆனால் வெட்கம் அவனை விடவில்லை. இவ்வளவு பேர் எதிரில் தப்பு பண்ணிவிட்டோமே என்று விடிந்ததும் எழுந்து அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சாதகம் செய்தான். அடுத்த கச்சேரி செவிலிமேட்டில் ஒரு வரவேற்பு. ஜனம் அந்த இடத்துக்காகவே காத்துக்கொண்டிருந்தது. ராஜவேலு எட்டு அடியையும் சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் வாசித்தான். வாழ்க்கையில் அவன் வாசித்த நல்ல நாலு அதுதான். தடுக்கத் தயாராக இருந்தவர்கள் தடுக்க ஒன்றும் இல்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மணப்பெண்ணின் பெரியப்பாவுக்குக் கணுக்கால் பிசகியது.

"தப்பு எங்கண்ணா?" என்று ஜெயக்குமார் மேடையிலேயே காதோரம் சீறினான்.

"சரி பண்ணிட்டேன்பா."

அந்தத் தப்பு திரும்ப வரவே இல்லை. எவ்வளவோ முயற்சி செய்தார்கள். திருப்புட்குழிக்காரனைக்கூட வரவழைத்து, கீழே நிறுத்தி, வெள்ளிக்கிழமையைக் கேட்கச் சொன்னார்கள். "போன வெள்ளிக்கே செட்டு வந்துடுச்சேண்ணா, இன்னும் எதுக்கு கேக்கணும்?" என்றான் அவன்.

கடைசியில் சென்னையிலிருந்து பிரேம்நாத் என்ற பேஸ் கலைஞனை ஏற்பாடு செய்தார்கள். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். கொடோனுக்கு வந்து ராஜவேலு எதிரில் உட்கார்ந்து, "அண்ணா, அந்தத் தப்பை உங்க கையாலேயே கத்துக்கணும்னு வந்தேன்" என்றான். வீடியோவைப் பார்த்து அவனே பிடித்துக்கொண்டான். ராஜவேலு டீ வாங்கிக்கொடுத்தான்.

'எல்லோருக்கும்' ஊர் ஊராகப் போனது. செங்கல்பட்டுக் கச்சேரிக்குச் செட்டு ராஜவேலுவுடையது. மிக்ஸருக்குப் பின்னால் நின்று கேட்டான். பிரேம்நாத் தப்பை அளந்து வெட்டிய மாதிரி அந்த இடத்தில் வைத்தான். இரண்டாவது சுற்றிலும் அதே அளவில் வைத்தான். கூட்டம் சரியான நேரத்தில் தடுக்கியது. ராஜவேலுவுக்கு எங்கோ வலித்தது. பறிபோன இடத்தை நினைத்து வந்த வலியா என்று யோசித்தான். அதுகூட இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டது, அதுதான்.

கச்சேரி முடிந்து வியர்வையோடு வந்த ஜெயக்குமார், "எப்படிண்ணா? நீங்கதான் ஜனம், சொல்லுங்க" என்றான்.

"நல்லாத்தான் இருந்துச்சுபா" என்றான் ராஜவேலு, ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "எனக்குத்தான் ஒட்டல. எனக்கு அந்தக் கஷ்டமான பாட்டுதான் புடிச்சுது. மொதல்லருந்தே."

செட்டு அண்ணா கிண்டல் செய்கிறார் என்று நினைத்து ஜெயக்குமார் சிரித்தான். ராஜவேலு சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் யாரோ செல்ஃபிக்குக் கூப்பிட்டார்கள்.

இப்போது ஞாயிறு மதியம் சர்ச் முடிந்ததும் ஜோசுவா தன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஓரிக்கைக்கு வந்துவிடுகிறான். இருவருமாகப் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிமூன்று அடி. அதற்கு எதைச் சொல்லி எண்ணுவது என்று தெரியாமல், அம்சா வீட்டுச் சொந்தக்காரர்களை வயது வரிசையில் வைத்திருக்கிறான் ராஜவேலு. சின்ன மச்சினன் வரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கிறது.

போன வாரம் யாரோ செட்டு கேட்டு அவன் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அம்சாதான் எடுத்தாள்.

"அவரு பாட்டுல இருக்காருங்க. இல்ல, இப்பத்திக்கு முடியாது. ஒரு அரை மணி கழிச்சு கூப்பிடுங்க" என்றாள். போனை வைத்துவிட்டு, குஞ்சம் கட்டிய புடவைகளை வாரி எடுத்துக்கொண்டு கொடோனை விட்டு வெளியே வந்து, சத்தம் தாங்காமல் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.