மரை கழண்ட செவ்வாய்க்கிழமை

அந்தப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் கிளட்ச் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். "கிளட்ச், கிளட்ச், கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பெயர் வந்தது அப்படித்தான். அவரே ஸ்டியரிங்கைத் தொட்டது நாற்பத்திரண்டு வயதில். அதற்கு முன் பதினேழு வருடம், குழாய் இணைப்புகள் செய்யும் தொழிற்சாலையில் மரை வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்றார். தொழிற்சாலையை மூடியதும் ஒரு பழைய சின்னக் காரை வாங்கினார், ஓட்டக் கற்றார், மூன்று வருடம் கழித்து அதே காரில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்டவர்களில் இரண்டு பேர் பிறகு அவரிடமே வந்து கற்றுக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஆயில் மாற்ற மெக்கானிக் வீட்டுக்கே வந்திருந்தான். காருக்கடியில் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. கடைசியில் முகம் மட்டும் எட்டிப்பார்த்தது.

"அக்கா, ஆயில் சேம்பர்ல ஆயிலை வடிக்கிற போல்ட் சும்மா சுத்துது. வரவும் மாட்டேங்குது, இறுகவும் மாட்டேங்குது. உள்ள மரை போயிடுச்சு. யாரோ பேய் மாதிரி முறுக்கியிருக்காங்க."

"போன தடவை முறுக்கினது நீதானே தம்பி?"

அவன் அது காதில் விழாத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டான். "சேம்பரையே மாத்தணும். சாமான் வர பத்து நாள் ஆகும்."

டீச்சர் விரல்விட்டு நாள் எண்ணினார். வெள்ளிக்கிழமை இதே காரில் மூன்று பேருக்கு லைசென்ஸ் தேர்வு. அதை விட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளித்தான். மூவரில் ஒருத்தி நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொருத்தி பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. மூன்றாவது, டீச்சரின் சொந்த நாத்தனார்.

"பெரிய சைஸ்ல புது மரை வெட்டிட்டா?"

"இது அலுமினியம் அக்கா. கோணலாப் போச்சுன்னா வெடிச்சிடும். பாத்ரூம் குழாய் மாதிரி இல்ல இது." சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. பதினேழு வருடத்தில் அவர் கைபட்ட குழாய்கள் எத்தனை ஆயிரம்! ஒன்றாவது ஒழுகியது என்று திரும்பி வந்ததுண்டா?

மதியமே லேத் பட்டறைக்குப் போனார். லேத்காரர் அதே தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பழைய போல்ட் பதினாலு மில்லின்னா, பதினாறுக்கு மரை வெட்டிடலாம். நான் வரட்டுமா?" என்றார்.

"வேணாம். பதினாறுல ஒரு போல்ட் கடைஞ்சு குடுங்க, மரை வெட்டுற டேப்பையும் குடுங்க. வெட்டுறது நான்."

லேத்காரர் டேப் பெட்டியைத் திறந்தார். டேப்பின் பல்லை விரலால் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே கூர்மையானதை எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை டீச்சர் பழைய சேலையை விரித்துக் காருக்கடியில் படுத்தார். நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர், அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து நின்றார். வீட்டில் பல்பு மாற்றக்கூட ஆள் தேடுகிற மனிதர்.

"மரை கழண்டது காருக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். நீங்களும் உள்ள வாங்க."

சும்மா சுற்றும் போல்ட்டை வெளியே இழுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். அதற்கு நான்கு கை தேவை. டீச்சர் வாஷருக்குப் பின்னால் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினார். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பினார். பத்தாவது சுற்றில் போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே கறுப்பு எண்ணெய் பாதி தட்டிலும் மீதி அவர் சட்டையிலும் கொட்டியது.

"ஐயோ, இஸ்திரி போட்ட சட்டைடீ!"

"இஸ்திரி போட்டுட்டு யாருங்க காருக்கடியில வருவாங்க?"

எண்ணெய் வடிந்ததும் டீச்சர் டார்ச் அடித்துப் பார்த்தார். துளையைச் சுற்றி உலோகம் தடிமனாகவே இருந்தது. தேய்ந்து வழுவழுவென்றிருந்த துளை, புது மரைக்குத் தோதாகவும் இருந்தது. தூள் உள்ளே போகாமல் ஒட்டிக்கொள்ள, டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினார். முதல் இரண்டு சுற்றில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு நூல் சாய்ந்தாலும் அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால். முன்னால், பின்னால்.

நான்காவது சுற்றில் கிறீச்சென்று ஒரு சத்தம். டேப் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

டீச்சர் அவசரப்படவில்லை. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது. தூள் அடைத்திருக்கிறது, உலோகம் கிழியவில்லை. மெல்லப் பின்னால் திருப்பி டேப்பை வெளியே எடுத்தார். துணியால் துடைத்து, மறுபடி கிரீஸ் வைத்து ஏற்றினார். இந்தத் தடவை வெண்ணெயில் கத்தி போவது போல இறங்கியது. அந்த இதமான இழுவை விரல் வழியாகத் தோள் வரை ஏறியபோது, மூடிய தொழிற்சாலையில் தான் எதையும் விட்டுவிட்டு வரவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மேலிருந்து கொஞ்சம் ஆயிலை ஊற்றி, மிச்சமிருந்த தூளையெல்லாம் கழுவி வடித்தார். செப்பு வாஷரோடு புது போல்ட்டைக் கையால் போகிறவரை திருகி, பிறகு ஸ்பேனரில் ஒரு கால்சுற்று. அதோடு நிறுத்திக்கொண்டார். புது ஆயில் நிரப்பி எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். காருக்கடியில் விரித்த வெள்ளைத்தாளை அன்று சாயந்திரம் வரை வீட்டுக்காரர் அரைமணிக்கொரு தரம் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

வியாழக்கிழமை மெக்கானிக், சேம்பருக்கு ஆர்டர் சொல்லவா என்று கேட்க வந்தான். இருவரும் காருக்கடியைக் காட்டினார்கள். டார்ச்சோடு உள்ளே போனான்.

"யாருக்கா இதப் போட்டது?"

"என் வீட்டம்மாதான்!" என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கூட நானும் இருந்தேன்."

அவன் எழுந்து நின்று தலையைச் சொறிந்தான். "கம்பெனியிலகூட இவ்வளவு நேரா வராதுக்கா. அன்னைக்கு வாய்விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பெல்லாம் கிடக்கட்டும். இனிமே என் கார்ல போல்ட்டை முறுக்கினா, கால்சுற்றுக்கு மேல போகக்கூடாது. சரியா?"

"சத்தியமா போகமாட்டேன்க்கா."

வெள்ளிக்கிழமை நர்ஸ் ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டி முடித்தாள். சமையல்காரி ரிவர்ஸில் வந்து கோட்டைத் தொடாமல் நிறுத்தியபோது, அதிகாரியே ஒருமுறை இறங்கிப் பார்த்தார். நாத்தனார் கிளம்பும்போதே கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை அணைத்துவிட்டாள். தூரத்தில் நின்ற டீச்சர் கத்தாமலிருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். ஆனால் அவளும் சுதாரித்துக்கொண்டு, மீதியைச் சுத்தமாக ஓட்டிவிட்டு வந்தாள். மூன்று பேரும் பாஸ்.

திரும்பும்போது நாத்தனார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். டீச்சர் நேராகப் பின்சீட்டுக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டார்.

"என்ன அண்ணி, பக்கத்துல உக்காரலையா? பிரேக் யாரு போடுறது?"

"நீதான்டி. லைசென்ஸ் உன்கிட்டதானே குடுக்கப் போறாங்க? வண்டிய எடு!"