எட்டாம் நாள் படையலுக்கு ஓரா

அப்பா இறந்த ஆறாம் நாள் காலை, எட்டுச் செலவுக்கு ஓரா மீன் வேண்டும் என்று மாமி அடுப்படியில் நின்றபடி சொன்னார். மாமி அப்பாவின் தங்கை. பினாங்கில் குண்டு விழுந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தார். எட்டுச் செலவு எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் எட்டாம் நாள் வைக்கும் படையல். இறந்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்து இலையில் வைப்போம். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை.

"அரிசியே இல்லை மாமி," என்றேன்.

"அரிசியோட மரவள்ளியைக் கலக்கலாம். ஓராவுக்கு என்னத்தைக் கலக்கிறது?"

"பசாரில நான் பார்க்காத நாளில்லை. வாற மீனெல்லாம் ஜப்பான்காரனுக்குத்தான் போகுது."

"பசாரில இல்லையெண்டா கடலிலயும் இல்லையே? இத்தினை வருசமா அண்ணையோட தூண்டில் பிடிச்சனி. பொம்பிளைப் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு திரியிறார் எண்டு சனமெல்லாம் சிரிச்சது. சிரிச்சதுக்கு ஒரு மீனாவது வரட்டும்."

மாமி சொன்னதில் தவறில்லை. அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். நான் ஒரே பிள்ளை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தஞ்சோங் தோக்கோங் பாறைகளுக்கு அவர் புறப்படும்போது நானும் கூடப் போவேன். நான் படித்து ஆசிரியையாகி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. ஓரா பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைத் தின்ன வரும் மீன். பெருக்கு ஏறி, தண்ணீர் பாசியை மூடினால்தான் வரும். வற்றத் தொடங்கினால் கடலோடு போய்விடும். அதன் செட்டை முள் குத்தினால் கை இரவெல்லாம் கடுக்கும். அப்பா மீனை என்னிடம் தருவதற்கு முன் கத்தரிக்கோலால் அந்த முட்களை நறுக்கிவிடுவார். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான்.

ஜப்பானியர் வந்ததும் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். சுவர்க் கடிகாரத்தை நான்தான் திருப்பினேன். அப்பா தம்முடைய பாக்கெட் கடிகாரத்தைத் தொடவிடவில்லை. "என்ர மணிக்கூடு தோக்கியோவுக்குப் போகாது," என்றார். வீட்டில் யாராவது நேரம் கேட்டால், "எந்த நேரம், மனுசரின்ர நேரமோ அவங்கட நேரமோ?" என்பார். தெருவில் அப்படி ஏதாவது சொல்லி வைப்பாரோ என்று நான் பயந்த பயம் கொஞ்சமல்ல.

மலேரியாவில் படுத்த பிறகும் அவர் கடலை விடவில்லை. கொய்னா மருந்து ஊரில் எங்குமே கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கும் வேளைகளில் என்னைக் கூப்பிட்டு, "அமாவாசை எண்டா ஒண்டரைக்குப் பெருக்கு நிரம்பும். பிறகு நாளுக்கு ரெண்டு நாழிகை கூட்டு," என்பார். நெற்றித் துணியை மாற்றிக்கொண்டே கேட்டேன். எந்த நாள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை அதுவரை அவரே பார்த்துச் சொல்லியிருந்தார். வா என்றால் போவேன். அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பள்ளியில் அரை நாள் லீவு கேட்டு வாங்கினேன். அன்று அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். நாழிகைக்கு இருபத்துநாலு நிமிடம்; ஒன்றரையோடு ஆறு நாழிகை கூட்டினால் கிட்டத்தட்ட நான்கு மணி. அப்பா சொன்னது பழைய நேரம், ஆகவே நம் கடிகாரத்துக்கு ஐந்தரை என்று கணக்கிட்டேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இரண்டாம் தரம் யோசிக்கவில்லை.

மகள் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாலு வயது. பார்க்கிறவர்களுக்குப் பையனாகத் தெரியட்டும் என்று தலைமயிரை நானே ஒட்ட வெட்டி, அரைக்காற்சட்டை போட்டு வைத்திருந்தேன்.

"நானும் வாறன்."

"வேண்டாம். றோட்டில ஆமிக்காரன் நிற்பான்."

"வீட்டுக்கு மட்டும் வரமாட்டானோ?"

விட்டுவிட்டுப் போகவும் பயம், கூட்டிப் போகவும் பயம். கடைசியில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். டயர் கிடைக்காததால் சக்கரத்தில் தோட்டத்து ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தோம். அது வழியில் இரண்டு இடத்தில் கழன்றது. இறங்கி, கட்டி, மறுபடி ஏறினேன். வளைவில் காவல் நின்ற சிப்பாய் நான் குனிந்தது போதாது என்று இன்னொரு முறை குனியச் சொன்னான். மகளும் குனிந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்ற நேரத்தில் எனக்கு ஓராவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது. பிறகு போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

பாறைகளுக்குப் போனபோது தண்ணீர் பாசிக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. பாசி வெயிலில் பளபளத்தது. பச்சையாய், ஈரமாய், தின்ன ஒரு மீன் இல்லாமல். இருந்தும் தூண்டிலைப் போட்டேன். தூண்டில் முள் கல்லில் மாட்டி அறுந்தது. இன்னொன்று கட்டினேன், அதுவும் அறுந்தது.

பக்கத்தில் வலையை மடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் எங்களை முன்பே அறிந்தவர். "லம்பாட் லா, காக்," என்றார். தாமதமாகிவிட்டது, அக்கா என்று பொருள். பெருக்கு எப்போது என்று கேட்டேன். நான்கு மணிக்கே நிரம்பிவிட்டது, அப்போது ஓரா கும்பலாக நின்றது என்றார். எந்த நான்கு மணி என்று கேட்டேன். ஜப்பான் மணிதான், இப்போது வேறு மணி இருக்கிறதா என்று சிரித்தார். "அப்பா எங்கே?" என்று விசாரித்தார். சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

அப்பா எனக்காகவே மாற்றிச் சொல்லியிருக்கிறார். தம் கடிகாரத்தை ஒரு நிமிடம் நகர்த்த மறுத்தவர், நான் பள்ளிக்கூட மணியில் வாழ்கிறவள் என்று, அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைத் தாமே கூட்டிச் சொல்லியிருக்கிறார். நான் அதன்மேல் இன்னொரு ஒன்றரையைக் கூட்டிவிட்டேன். இதை அந்தப் பாறையில் நின்று புரிந்துகொண்டபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கூட்டிவிட்டேன் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வீடெல்லாம் கேட்கும்படி பிடிவாதம் பேசியவர், விட்டுக்கொடுத்ததை மட்டும் ஏன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்?

மலாய்க்காரர் தம் கூடையிலிருந்து கெளுத்தி மீன் நாலைந்தை எடுத்து மகளின் பையில் போட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அப்பாவின் தூண்டிலில் கெளுத்தி மாட்டினால் முகத்தைச் சுளித்துக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடுவார். அவருடைய படையலுக்கு அதைத்தான் கொண்டுபோனேன்.

"ஓரா?" என்றார் மாமி.

"இல்லை."

பையைப் பார்த்தார். "இதை வைச்சால் அண்ணை வந்த வழியே திரும்பிப் போவார்."

"போகட்டும்," என்றேன். அப்படிச் சொன்னது எனக்கே திடுக்கென்றிருந்தது. மாமி புளியைக் கரைத்தார்.

மறுநாள் இன்னொரு முறை கடலுக்குப் போக லீவும் இல்லை, அந்தச் சிப்பாயின் முன் மகளை இன்னொரு முறை நிறுத்த எனக்கு மனமும் இல்லை. இரவில் விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் படையலை மத்தியானமே வைத்தோம். மரவள்ளி கலந்த சோறு, கெளுத்திக் குழம்பு, முருங்கையிலை. ஈப்போவில் வேலையிலிருந்த என் கணவருக்கு ரயில் பாஸ் கிடைக்கவில்லை. நாங்கள் மூவரும்தான் சாத்திய கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே யாராவது வந்தால் அந்த இலையைப் பார்த்து என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மகள் பசியில் காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

கதவைத் திறந்த பிறகு உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டில் மீன் வாசம் வந்து வெகு நாளாகியிருந்தது. மகள் இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினாள்.

"அம்மா, இது நல்லாத்தானே இருக்கு," என்றாள். "தாத்தா ஏன் இதைக் கடலிலயே விட்டவர்?"

மாமியைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. கூடவே நின்று பார்த்த எனக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டியவர் ஒருவர்தான்.

"முள்ளைப் பார்த்துச் சாப்பிடு," என்றேன்.