ஒரே பக்கம் சுற்றிய சக்கரங்கள்

என் கணவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்பார். ஆனால் எட்டு மாதம் என்னை மடச்சியாக்கி வைத்திருந்தார். அந்த எட்டு மாதமும் தினம் காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லி தின்றார்.

எங்களிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கிற பழைய வெளிநாட்டு வண்டி. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் எஸ்டேட்காரர் வீட்டுக் கொட்டகையில் அதற்குள் கோழி அடைந்துகொண்டிருந்தது. அதைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு ஷெட்டில் வைத்து இரண்டு வருடம் பாடுபட்டு ஓட வைத்தோம். அவர் அரிசி ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர், வேலை தெரிந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவியது, சீட்டுக்கு உறை தைத்தது, கோழி எச்சத்தைச் சுரண்டியது எல்லாம் நான்.

அந்த வண்டியை இன்ஜின் தள்ளுவது பின்சக்கரங்கள் வழியாகத்தான். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பற்சக்கரப் பெட்டி இருக்கும். அது எதற்கு என்று பள்ளிக்கூட அணிவகுப்பைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். வரிசை திரும்பும்போது வெளி ஓரத்துப் பிள்ளைகள் எட்டி நடக்க வேண்டும், உள் ஓரத்துப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும். கார் திரும்பும்போதும் அப்படித்தான். வெளிச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம், உள் சக்கரத்துக்குக் குறைவு. அந்த வித்தியாசத்தை அந்தப் பெட்டி சமாளித்துக்கொள்ளும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். இது முன்னால் சுற்றினால் அது பின்னால் சுற்றும்.

முதன்முதலில் அந்தப் பெட்டியைக் கழுவி மாட்டிய அன்று, அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் குத்தவைத்திருந்தோம். நான் சுற்றினேன். அவர் பக்கத்துச் சக்கரம் எதிராகச் சுற்றியது.

"ஏளா, நம்மள மாதிரியே இருக்கு பாத்தியா. நீ ஒண்ணு சொன்னா நான் எதிராச் சொல்லுதேன்லா" என்றார். அன்றைக்கு அப்படிச் சிரித்தோம்.

வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, மறைக்கவில்லை. என் அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். களக்காட்டில் அம்மாவோடு இருக்கிறார். யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே வருவார், அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. என் அண்ணன் ஓட்டும் காரில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் என்னோடு ஒருமுறை நாங்குநேரி வரை வந்துவிட்டு, இறங்கும்போது, "கை வசமா இருக்கு ட்டி" என்றார். முப்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது. பி.எட். பட்டம்கூட அதற்குக் கீழேதான்.

போன பொங்கல் விடுமுறையில் என் கணவரும் அவருடைய கூட்டாளிகள் நான்கைந்து பேரும் திசையன்விளைப் பக்கத் தேரியில் வண்டிப் பந்தயம் வைத்தார்கள். தேரி என்றால் கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மணல் மேடு. சாதாரணமாக அதில் ஒரு சக்கரம் புதைந்தால் அது மட்டும் வெறுமனே சுற்றும், மற்றது சும்மா நிற்கும், வண்டி நகராது. எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் புதையாமல் ஏறி இரண்டாம் பரிசு வாங்கியது. கண்ணாடிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். வாரம் ஒருமுறை நான்தான் அதைத் துடைத்தேன்.

பொங்கலுக்குப் பிறகு வண்டி திருப்பங்களில் கீச்சிட ஆரம்பித்தது. வாசலில் வளைத்து நிறுத்தும்போது பின்பக்கம் தவளை மாதிரி எத்தி எத்திக் குதித்தது. ஸ்டியரிங்கும் கனமாக இருந்தது. நான் கேட்டேன்.

"புது டயருல்லா, அப்படித்தான் கத்தும். ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்.

நான் நம்பினேன். ஒன்பதாம் வகுப்புக்கு வட்டத்தின் சுற்றளவு நடத்துகிறவள் நம்பினேன். கட்டினவர் சொன்னால் சக்கரத்தைச் சந்தேகப்படத் தோன்றுமா?

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், கண் பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை வந்திருந்த அப்பாவைக் களக்காட்டில் விடக் கிளம்பினேன். நாங்குநேரி தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. வேகம் குறைத்து, பையத்தான் போனேன். களக்காட்டுக்கு முன்னால், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வளைவு. திருப்பினேன். முன்பக்கம் திரும்ப மாட்டேன் என்று நேராகப் போகப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்போது பின்பக்கம் மொத்தமும் ஒரே அடியாக வெளியே வீசிக்கொண்டு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த ரோடு காணாமல் போய், கண்ணாடி முழுக்க வாழை இலையாக இருந்தது. ஏழெட்டு வாழை ஒடிந்து எங்கள் மேல் கிடந்தது. அப்பா தன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு என் கணவர் ஓடி வந்தார். அப்பாவுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. கட்டு போட்டு முடிந்ததும் அவரைப் பார்த்து நேராகவே கேட்டார்.

"மாப்பிள, வண்டி பின்னால ஒரு மாதிரி தள்ளிச்சே. பின் பக்கம் எதுவும் கோளாறு உண்டுமா?"

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு கோளாறும் இல்ல மாமா. போன வாரந்தான் எல்லாம் பாத்தேன். மழைல பிரேக்கப் போட்டு மிதிச்சிருப்பா."

நான் பிரேக்கைத் தொடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கே நிச்சயமில்லை. மிதித்தேனோ என்னவோ என்று தோன்றிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு விட்டாரா மனிதர்? எங்கள் சபையில் மாதம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அதில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று சொல்வார், முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "ஸ்தோத்திரம்" என்பார்கள். அந்த மாதம் என் கணவர் எழுந்தார். "என் மனைவி வண்டி ஓட்டிப் போனப்ப, அவ கைத்தவறுதலால ஒரு பெரிய விபத்து நடந்தது. ஆனாலும் கர்த்தர் உயிருக்குச் சேதமில்லாமக் காத்தார்" என்றார். முப்பது பேர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அதன்பிறகு நான் அந்த வண்டியைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஸ்கூட்டரில்கூடத் திருப்பத்துக்குத் திருப்பம் காலை ஊன்ற ஆரம்பித்தேன். அப்பா பாளையங்கோட்டைக்கு வருவதானால் பஸ்ஸில் வந்தார். பஸ் நிலையத்துக்குக் கூப்பிட வருகிறேன் என்றால், "வேண்டாம் தாயி, ஆட்டோ கெடைக்கும்" என்பார். 'தாயி' என்று அவர் கூப்பிட்டால் எட்ட நிற்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு வீட்டை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் வண்டி பின்பக்கம் தூக்கி நின்றது. நசுங்கிய முன்பக்கத்தை எப்போதோ சரிசெய்துவிட்டார். அடுத்த பொங்கலுக்குத் தேரிக்குப் போக ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் அவர் ஆலையில். நான் அடியில் பெருக்கும்போது விளக்குமாறு சக்கரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. எடுப்பதற்காகச் சக்கரத்தை முன்னால் சுற்றினேன். எதேச்சையாக அந்தப் பக்கம் பார்த்தேன்.

அந்தச் சக்கரமும் முன்னால் சுற்றியது.

மறுபடி சுற்றினேன். பின்னால் சுற்றிப் பார்த்தேன். நான் எப்படிச் சுற்றினாலும் அது அப்படியே கூட வந்தது. எங்களை மாதிரியே ஒன்றுக்கொன்று எதிராகப் போகிறது என்று சிரித்த சக்கரம். பெட்டிக்குள் பற்சக்கரங்களைச் சேர்த்து ஒட்டினால் ஒழிய அப்படிச் சுற்றாது.

அவரிடம் கேட்பதற்கு முன்னால், சமாதானபுரத்தில் அவர் வழக்கமாகப் போகிற வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணாச்சி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, எங்க வண்டி டிஃபரன்ஷியல்ல வெல்டு வச்சீங்களா?"

"ஆமாம்மா, போன பொங்கலுக்கு முன்னால வச்சேன். உள்ள இருக்க பல்ல எல்லாம் சேத்து ஒட்டியாச்சு. ரெண்டு வீலும் ஒண்ணாத்தான் சுத்தும். மணலுக்கு அருமை, ஈரத் தார்ரோட்டுக்கு ஆகாது." என் முகத்தைப் பார்த்தார். "வீட்ல டீச்சரும் ஓட்டுதாவ, கண்டிப்பாச் சொல்லிருங்கன்னு அன்னைக்கே சொன்னம்லா. சொல்லுதேன்னு தலைய ஆட்டினாவளே. சொல்லலியா?"

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். திருப்பத்தில் காலை ஊன்றவில்லை.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"சொன்னா நீ தேரிக்கு விட மாட்டேல்லா."

"சரி. தேரி முடிஞ்சப்புறம்?"

"அடுத்த வருசமும் வேணுமேன்னு விட்டுட்டேன். நீ பையத்தான ஓட்டுவ."

"ஆஸ்பத்திரில?"

"மாமா எதிர வச்சு எப்படிச் சொல்ல முடியும்? மருமவன நம்பிக் கேக்காவ."

"சபையில? அங்க யாரு உங்களக் கேட்டா?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "வாயில வந்துட்டு" என்றார். என்ன மனுசன் நீங்க என்று கேட்டேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்த கோப்பையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அவர் அதை எடுக்கவில்லை. ஆனால் காலையில் பார்த்தால் அது கழுவி, அலமாரிக்குள் இருந்தது.

வருடக் கடைசி ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். அப்பா பஸ்ஸில் வந்தார். கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். "அப்பா, இந்தச் சக்கரத்தக் கொஞ்சம் சுத்துங்க" என்றேன். சுற்றினார். குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார். இன்னொரு தடவை சுற்றினார்.

"வெல்டா?"

"ஆமாப்பா. பொங்கலுக்கு முன்னாலயே வச்சிருக்காவ. எனக்குத் தெரியாது."

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து, "மாப்பிள, இங்கன வாங்க" என்று கூப்பிட்டார். என் கணவர் வந்து தலை குனிந்து நின்றார். டயரில் காற்றுக் குறைவதைச் சொல்லாமல் விட்ட கண்டக்டரைப் பஸ் நிலையமே கேட்கும்படி ஏசிய மனிதர் என் அப்பா. அந்த ஏச்சுக்காகவே எட்டு மாதமாகக் காத்திருந்த மாதிரி நின்றேன்.

அப்பா குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். பிறகு, "தேரி மண்ணுல எப்படி, புதையாம ஏறுதோ?" என்று கேட்டார்.

"அருமையா ஏறுது மாமா" என்றார் இவர். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. இரண்டு பேரும் குத்தவைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்பா எதையோ கேட்டார், இவர் விரலை வைத்துக் காட்டினார். நான் அங்கே நிற்பது இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

கூட்டத்தில் பாட்டு முடிந்தது, வேத வாசிப்பு முடிந்தது. யாராவது சாட்சி சொல்கிறீர்களா என்று சபை மூப்பர் கேட்டார். நான் எழுந்தேன்.

"சித்திரை மாசம் எங்க வண்டி சறுக்கினது என் கைத்தவறுதல் இல்ல. என் வீட்டுக்காரவ அதுல வெல்டு வச்சிட்டு எங்கிட்ட சொல்லல. எங்கப்பா கேட்டதுக்கும் இல்லன்னு சொன்னாவ. இதே கூட்டத்துல எம்மேல பழியப் போட்டுச் சாட்சி சொன்னாவ. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாட்சி முடிந்தால் என்ன சொல்ல வேண்டுமோ, அதைப் பழக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். "ஸ்தோத்திரம்" என்றார்கள் முப்பது பேர். அப்பா சொன்னார். அவர் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி என் கணவரும் சொன்னார்.