கடற்கரையால வீட்ட வந்த நாள்

காலமெ கொலேஜ் வாசல்ல கால வெச்சா மெழுகுதிரி மணம் வரும்... சிஸ்டர்மார் பூசை முடிச்சிப் போன மணம். அதோட ஈரத் துணியால தொடச்ச சீமெந்துத் தரைட மணமும்.

கல்முனையில அந்தக் கிறிஸ்தவக் கொலேஜிலதான் நான் டீச்சர் ட்ரெய்னிங் செஞ்ச. எங்கட பெச்ல முக்காடு போட்ட புள்ளைகள் கொஞ்சப் பேர். லுஹர் தொழுறதுக்கு தையல் ரூமத் திறந்து தருவாங்க. "பாய் அங்க இருக்கு, விரிச்சுக்கங்க" என்டு சொல்லிட்டு சிஸ்டர் கதவ மெதுவாச் சாத்திட்டுப் போவா.

எனக்குப் பக்கத்துல இருக்கிறவ சுலோச்சனா. பாண்டிருப்பு. அது தமிழ் ஊர். நான் மருதமுனை, முஸ்லிம் ஊர். கொலேஜில இருந்து வடக்கால போனா முதல்ல அவட ஊர், அதத் தாண்டினா எங்கட ஊர். ரெண்டு பேரும் ஒரே பஸ்தான்.

அண்டைக்கு எனக்கு கடைசி டீச்சிங் டெஸ்ட். கொலேஜோட இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு. தண்ணி எப்பிடி ஆவியாகுது என்டு படிப்பிக்கணும். எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் பின் பெஞ்ச் வாங்குல பேனையோட இருக்கிறா. போர்ட்ல எழுதின எழுத்தெல்லாம் கீழ சரிஞ்சி போகுது...

பாதிப் பாடத்துல ஒரு தகப்பன் ஓடி வந்து வாசல்ல நின்டு மகன்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு ஒரு தாய். பிறகு இன்னொராள்.

"டவுன்ல பிரச்சினையாம் சிஸ்டர். கடையெல்லாம் பூட்டுறாங்க."

தமிழ் ஆக்களுக்கும் முஸ்லிம் ஆக்களுக்கும் பிரச்சினை. ஆரு தொடங்கின, எதுக்குத் தொடங்கின என்டு இண்டைக்கு வரைக்கும் எனக்கு ஒழுங்காத் தெரியா. அந்த நாளையில அப்பிடித்தான்... ஒரு கதை வரும், பஸ் நிக்கும், றோட்டுல டயர் எரியும்.

சிஸ்டர் பேனைய மூடினா. "காணும் மகள், நிப்பாட்டுங்க."

மத்த முஸ்லிம் புள்ளைகள் எல்லாம் தெற்குப் பக்கம். அவங்கட ஆக்கள் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. வடக்கால போக வேண்டியவ நான் மட்டும்தான். கையில போன் இல்லாத காலம்.

"இண்டைக்கு எங்களோட தங்குங்க" என்டா சிஸ்டர். எனக்கும் அதுதான் சரி போலத்தான் இருந்திச்சு. ஆனா நான் வரல்ல என்டா வாப்பா தேடி வெளிக்கிடுவார். அந்த றோட்டாலதான் வருவார். "நான் எப்பிடியும் போகணும் சிஸ்டர்" என்டன்.

சுலோ முன்னுக்கு வந்து சொன்னா, "நான் கொண்டு போய் விடுறன் சிஸ்டர். கடற்கரையால போறம். அங்க எல்லாருக்கும் என்னத் தெரியும்."

சிஸ்டர் எங்க ரெண்டு பேரட முகத்தையும் மாறி மாறிப் பாத்தா. கடற்கரை வரைக்கும் தானே கூட வந்தா.

"முக்காடக் கழட்டட்டா சுலோ?"

"வேணாகா. ஒளிச்சிக் கூட்டிட்டுப் போனாத்தான் சந்தேகப்படுவாங்க. போட்டுக்கொண்டே வா."

செருப்பக் கையில எடுத்துக்கொண்டு நடந்தம். இடப் பக்கம், றோட்டுக்கு மேல கறுப்புப் புகை. பாண்டிருப்புக் கரையில, வள்ளங்களுக்குப் பக்கத்துல ஏழெட்டுப் பொடியன்மார் நின்டாங்க. ஒருத்தன் முன்னுக்கு வந்தான்.

"ஆருகா இது?"

"என்ட கூட்டாளி. டீச்சர். மருதமுனைக்குப் போறம்."

"இண்டைக்கா போற?"

"இவட உம்மா தேடுவாதானே."

அவன் என்னப் பாத்தான்... நான் மண்ணப் பாத்தன். மறுகா சொன்னான், "கெதியாப் போங்க. றோட்டுப் பக்கம் ஏறாதீங்க."

என்ன முதல் முதல்ல டீச்சர் என்டு ஒராள் சொன்ன அங்கதான். டெஸ்ட் பாஸாகவும் இல்ல.

எங்கட ஊர் எல்லையில வேற கூட்டம். கையில பொல்லுகள். எல்லாரும் சுலோட நெத்திப் பொட்டப் பாக்கிறாங்க. இப்ப அவ என்ட கைய இறுக்கிப் புடிச்சா. "என்ட கூட்டாளி, என்ட கூட்டாளி..." என்டு நான் கத்தக்குள்ள, கூட்டத்தத் தள்ளிக்கொண்டு வாப்பா வந்தார்.

"நீயா மகள் இவளக் கொண்டு வந்த?"

அவ தலைய மட்டும் ஆட்டினா.

எங்கட வீடு கடற்கரையோடதான். அங்க உம்மா சுலோவக் கட்டிப் புடிச்சி, இங்கயே தங்கச் சொல்லிக் கெஞ்சினா. "அம்மா தேடுவா" என்டா அவ. வாப்பா சாரன மடிச்சுக் கட்டினார். கடல் தொழில் செஞ்ச மனிசன், அதிகம் கதைக்க மாட்டார்.

"நான் விட்டுட்டு வாறன்."

உம்மா அவர்ட கையப் புடிச்சா. "அங்க போகாதீங்க..."

"அந்தப் புள்ள வந்திச்சே" என்டார்.

ரெண்டு பேரும் மண்ணால நடந்து போறத, சின்னதாகி மறையிற வரைக்கும் பாத்தன். பின்னேர அஸர் தொழுகை முடிஞ்சிது. உம்மா தொழுத பாயில இருந்து எழும்பவே இல்ல. தூரத்துல ஒரு சத்தம் கேட்டா ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாப்பம்... அந்த நேரம் மாதிரி ஒரு நீட்டு நேரத்த நான் பிறகு காணல்ல.

பொழுது படுற நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி வாப்பா வந்தார். பாண்டிருப்புக் கடல்காரர் ரெண்டு பேர் எல்லை வரைக்கும் அவரோட நடந்து வந்தாங்களாம். செம்புத் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சிட்டுச் சொன்னார், "வாசல்ல விட்டுட்டன். அவட அப்பா என்ட ரெண்டு கையையும் புடிச்சார்."

கொலேஜ் திறந்த பிறகு சிஸ்டர் எனக்கு வேற நாள் தந்தா. அதே பாடம். எழுத்து நேரா நின்டிச்சு. பாஸ்.

இப்ப சுலோட மகள் டீச்சர் ட்ரெய்னிங் செய்றா. போன கிழமை லெசன் பிளான் காட்ட தனிய ஸ்கூட்டியில எங்கட வீட்ட வந்தா. சாப்பிட்டா, சிரிச்சா, பாங்கு சொல்லக்குள்ள வெளிக்கிட்டா. அந்தப் பெரிய றோட்டாலயே, பாட்டுக் கேட்டுக்கொண்டு...

"வீட்ட வந்திட்டன் அன்ரி" என்டு வட்சப் வந்திச்சு. அதுவரைக்கும் நான் வாசல் கேட்டடியிலதான் நின்டன். "ஏன் உம்மா அங்க நிக்கீங்க?" என்டு மகன் கேட்டான்.

சும்மா என்டன்.