இடப்பக்கம் பூட்டிய சைட்கார்

கோழி எச்சமும் பழைய ரெக்சினும் சேர்ந்து வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். புளித்த மாவைப் போலவும் நனைந்த தோல் சப்பாத்தைப் போலவும் இருக்கும் அந்த மணம், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் மாரி தொடங்கும்வரை எங்கள் முற்றத்திலேயே நின்றது. கரவெட்டியில் இருந்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சந்தைக்கு வெங்காயம் ஏற்றிவந்த லொறியில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பூட்டும் சைட்கார் ஒன்றைக் கொண்டுவந்து, கொழும்புத்துறையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாமரத்தடியில் இறக்கிவிட்டிருந்தார். அது யாரோ ஒருவருடைய கொட்டிலில் பல வருடங்கள் கிடந்து கோழிகள் அடைகாக்கும் இடமாகியிருந்ததாம். கேட்டவுடன், "கொண்டுபோனால் காணும், காசு வேண்டாம்" என்று தந்துவிட்டார்களாம். கறுப்பு நிறம் உரிந்து, அடித்தகரம் துருவேறி, ஒற்றைச் சில்லோடு ஒருபக்கம் சரிந்து கிடந்த அதை அயலிலிருந்த பிள்ளைகள் "பக்கப்பெட்டி" என்றார்கள். அப்பா வேலையால் வந்து, சட்டையைக் கழற்றாமலே அதைச் சுற்றி நடந்து பார்த்தார்.

அந்த நாட்களில் அப்பா எதைப்பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தார். அம்மா மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். எங்கள் சொந்த ஊர் தென்மராட்சியில். சண்டையில் அங்கிருந்து எழும்பி வந்து கொழும்புத்துறையில் இருந்தோம். சண்டை நின்று பாதை திறந்தபோது எல்லாரும் தங்கள் வீடு வளவைப் பார்த்துவரப் போனார்கள். ஒரு சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். அது இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி, நல்ல பாரம். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் வாசலில் மிதிவெடி இருக்கிறதென்று தடியை நட்டுச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்களாம். அதற்கு அப்பால் போக முடியாது என்று தெரிந்ததும் அப்பா வண்டியைத் திருப்ப நினைத்தார். தெரு ஒடுக்கம். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு திருப்ப முடியாது.

"இறங்கும், நான் திருப்பிறன்" என்று அப்பா சொன்னார்.

சேலை கட்டியவர்கள் பின்னால் ஒருக்களித்து இருப்பார்கள். கால்கள் இரண்டும் இடப்பக்கம் தொங்கும். அம்மா இடப்பக்கம், தெருக்கரைப் புல்லில் இறங்கினார். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

இதை அப்பா எனக்குச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா மாமாவுக்குச் சொன்னபோது கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்று கேட்டேன். கடையில் என்ன வாங்கினேன் என்று சொல்வதுபோல அம்மா அதைச் சொன்னார். மாமாவும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா வீட்டுக்கு வந்தபிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அழுததாக எனக்கு நினைவில்லை. நானும் அழவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, வானொலி நேரத்துக்குப் பாடியது, அப்பா மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் விட்டுச் சாக்கால் மூடிவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போனார். அம்மா ஊன்றுகோல்களைக் கக்கத்தில் வைத்து அடுக்களைக்கும் அறைக்கும் நடுவே நடந்தார். வாசற்படியைத் தாண்டி வெளியே வருவதில்லை. பள்ளிக்கூடத்து அதிபர் இரண்டுமுறை ஆள் அனுப்பினார். மானிப்பாய்க்குப் போவதென்றால் பட்டணத்தில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும்; ஊன்றுகோலோடு ஏறுகிறவருக்காக எந்த பஸ் நிற்கும்? அம்மா, "இனி அது சரிவராது" என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு மாமா வந்திருந்த ஒருநாள் அப்பா, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "உங்கடை பக்கத்திலை எங்கையாவது சைட்கார் ஒண்டு கிடக்குமோ?" என்று கேட்டார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தாமல், "என்னை மீன்பெட்டி மாதிரிப் பக்கத்திலை கட்டிக்கொண்டு திரியப் போறியளோ?" என்றார். வேறு காலமென்றால் எல்லாரும் சிரித்திருப்போம்.

சைட்காரைக் கழுவி எடுக்கவே இரண்டு மூன்று பின்னேரங்கள் போயின. அடித்தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத்தகரம் வைத்தார்கள். பட்டணத்தில் இரும்பு ஒட்டுகிற கடையில் மூன்று பிடிகள் செய்வித்து வந்தார்கள்: ஒன்று மோட்டார் சைக்கிளின் கழுத்துக்குக் கீழே, ஒன்று இருக்கைக்குக் கீழே, ஒன்று பின்சில்லுக்குப் பக்கத்தில். மாமா கரவெட்டியில் தண்ணீர்ப் பம்புகள் திருத்துகிறவர், சைட்கார் பூட்டியதில்லை. அப்பாவுக்கும் தெரியாது. இருவரும் பூட்டுவார்கள், ஒழுங்கையில் ஓட்டிப் பார்ப்பார்கள், வண்டி ஒருபக்கம் இழுக்கும், கழற்றுவார்கள். இரண்டு நீளச் சலாகைகளை நிலத்தில் வைத்து, ஒன்றை மோட்டார் சைக்கிளின் சில்லுகளோடும் மற்றதைப் பக்கப்பெட்டியின் சில்லோடும் முட்டவிட்டு, முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று அளப்பார்கள். முன்பக்கம் கொஞ்சம் உள்ளுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் பின்னாளில் இரண்டுபேருக்கும் வாக்குவாதம் இருந்தது. என் வேலை பெட்டிக்குள் வைத்த மண்மூட்டைக்குப் பக்கத்தில் பாரத்துக்கு இருப்பது. பாரம் போதாமல் இடப்பக்கம் திரும்பினால் பெட்டி நிலத்தை விட்டு எழும்பும். அப்படி எழும்பியபோதுகூட எனக்குப் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஏறத்தாழ எல்லாம் சரிவந்த அன்று அம்மா முதல்முறையாக வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தார். ஊன்றுகோல்களில் நின்றபடி வண்டியைப் பார்த்தார்.

"உந்தப் பெட்டியை மற்றப் பக்கம் பூட்ட ஏலாதோ?" என்று கேட்டார்.

மாமா நட்டை முறுக்கியபடியே, "ஏலாது அக்கா. இஞ்சை வாகனம் இடப்பக்கத்தாலைதானே ஓடுறது. வலப்பக்கம் பூட்டினா முன்னாலை வாற பஸ்ஸுக்குத்தான் உங்களைக் குடுக்க வேணும்" என்றார்.

"அப்ப நான் கரையிலை."

"ஓம், கரையிலைதான்."

அம்மா உள்ளே போய்விட்டார். மாமாவுக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியிருந்தது. அவர் கையில் நட்டு முறுக்கும் சாவியோடு குந்தியிருந்த இடத்திலேயே இருந்தார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது பிடிகள் எல்லாம் கழற்றப்பட்டு, பக்கப்பெட்டி மோட்டார் சைக்கிளின் வலப்பக்கத்தில் கிடந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பும் கட்டை வலப்பக்கத்தில் இருந்தது. பெட்டியை நெருக்கி வைத்தால் கால்வைக்க இடமில்லை, தள்ளி வைத்தால் பிடிகள் எட்டவில்லை. அப்பாவின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பின்னேரம் வந்த மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா சொன்னதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "அத்தான், ஒரு பக்கத்தைப் பிடியுங்கோ" என்று மட்டும் சொன்னார். இரண்டுபேரும் பெட்டியைத் தூக்கித் திரும்ப இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுக்களை யன்னலில் அம்மா நின்றார்.

அதன்பிறகு சைட்கார் பூட்டியபடியே நின்றது. ஒருவரும் அம்மாவை வரச்சொல்லிக் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டி, தலைவாரி, முற்றத்துக்கு வந்து, "நேரம் போகுது" என்றார். அப்பா அரைவாசி தின்ற பாணை வைத்துவிட்டு எழும்பினார். அம்மாவைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. நான் அப்பாவுக்குப் பின்னால் ஏறினேன். என் பள்ளிக்கூடமும் மானிப்பாயில்தான். அம்மாவின் மடியில் என் புத்தகப்பை, பையின்மேல் ஊன்றுகோல்கள்.

பட்டணத்துக்குள் தெருக்கரையெல்லாம் சீமெந்து, கடைவாசல்கள். அதைத் தாண்டி மானிப்பாய் வீதியில் ஏறியதும் கரையில் புல் தொடங்கியது. அந்தக் கரையில் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்; ஆடுகள் மேய்ந்தன, பிள்ளைகள் நடந்து போனார்கள். அப்பா வண்டியைத் தெருவின் நடுவுக்கு எடுத்தார். அம்மா பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னால் மினிபஸ் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. அப்பா விலகவில்லை. இன்னொன்றும் வந்து சேர்ந்து இரண்டும் அடித்தன. எதிரே வந்த லொறிக்காரர் வேகத்தைக் குறைத்துக் கையை விரித்துக் காட்டினார். அப்பா நேரே பார்த்துக்கொண்டு நடுத்தெருவால் வண்டியை ஓட்டினார். நான் அவருடைய முதுகைப் பிடித்திருந்தேன், சட்டை நனைந்திருந்தது.

"ஓரமாப் போங்கோ" என்றார் அம்மா.

"பரவாயில்லை."

"பின்னாலை வாகனம் நிக்குது."

"நிக்கட்டும்."

அம்மா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அவர் அப்பாவை அப்படி நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. "ஓரமாப் போங்கோ எண்டு சொல்லுறன். நான்தானே இருக்கிறன் இதுக்குள்ளை" என்றார்.

அப்பா வண்டியைக் கரைக்கு எடுத்தார். புல் பெட்டியின் தகரத்தில் உரசிக்கொண்டே வந்தது. பஸ்கள் இரண்டும் தாண்டிப் போயின. அம்மா கண்ணை மூடவில்லை, விளிம்பிலிருந்து கையை எடுக்கவுமில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் அப்பா அவரை இறக்கும்போது விரல்கள் விறைத்துப்போய் ஊன்றுகோலைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிள்ளைகள் சைட்காரைச் சுற்றி மொய்த்தார்கள். அம்மா அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படியே பல வருடங்கள் போனார், வந்தார். பிறகு செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகினார், ஓட்டோக்கள் வந்தன, ஓய்வு பெற்றார். அப்பா நெஞ்சுவருத்தத்தில் காலமான பிறகு, பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவர் கொழும்பிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளைக் கழுவக்கூட விடாமல் ஏற்றிப்போனார். பக்கப்பெட்டி பொருத்தமில்லாதது, தனக்கு வேண்டாம் என்றார். அதைப் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் கொண்டுபோனார்கள். மானிப்பாய் வீதி இப்போது அகலமாகி, கரை முழுக்க வாய்க்கால் கட்டி மூடிவிட்டார்கள். தென்மராட்சியில் நாடா கட்டியிருந்த இடம் எது என்று அம்மாவாலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை. எங்கள் வளவில் வேறு ஆட்கள் வீடு கட்டியிருக்கிறார்கள்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். அண்மையில் ஒருநாள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவரிடம், இத்தனை காலம் கேட்காததைக் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு அப்பாவிலை கோவம் இருந்ததோ?"

அம்மா அடுத்த காயை எடுத்து முறித்தார். "அவர் ஒரு நாளும் கேக்கேல்லை" என்றார்.

"கேட்டிருந்தா?"

"இருந்தது எண்டு சொல்லியிருப்பன். சொல்லியிருந்தா அதோடை போயிருக்கும்."

பிறகு, அடுப்பில் சோறு கொதிக்கிறது, போய்ப் பார் என்றார். நான் போய்ப் பார்த்தேன்.