கௌரி கொடுத்த குளிசை

வெள்ளவத்தைக் கௌரிக்குக் கைவேலை சுத்தம். கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் பயிற்சிக்கு நின்ற காலத்தில், தண்ணி மருந்தைக் கலந்து போத்தலில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் கோடு கோடாக வெட்டிய கடதாசிப் பட்டியை அதன் பக்கத்தில் ஒட்டுவாள். அந்த அழகைக் கடை முதலாளியே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மருந்து கலக்கப் பழக அவள் போய்வந்த மாலை வகுப்பில் ஒஸ்வால்ட் சேர் படிப்பித்ததும் இதைத்தான்: கலக்கு, அள, ஒட்டு. உலக யுத்தத்தோடு பெட்டி பெட்டியாக வந்திறங்கிய சல்பா என்ற புதுக் காய்ச்சல் மாத்திரைகளை, அந்தக் குளிசைகளைப் பற்றிப் பாடத்தில் மூச்சே இல்லை. எண்ணிக் கொடுப்பதற்குப் பாடம் எதற்கு என்றுதான் கௌரியும் நினைத்திருந்தாள்.

ஒருநாள் நளீபா என்ற இளம் தாய் டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டோடு வந்தாள். சின்ன மகளுக்கு நெஞ்சுச்சளிக் காய்ச்சல். கௌரி குளிசைகளை எண்ணி உறையில் போட்டு, வேளைகளைச் சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டாம் நாள் நளீபா அழுத கண்ணோடு வந்து நின்றாள்.

"புள்ளைக்குக் காச்சல் கொறயவே இல்ல மிஸ்."

கௌரி கையிலிருந்த வேலையை விட்டாள். "எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

"மத்த மருந்து மாதிரித்தான் மிஸ். எல்லாத்தயும் போத்தல்ல போட்டுத் தண்ணி ஊத்தி, கோடும் வெட்டி ஒட்டினேன். அடியில வெள்ளயா மண்டி நிக்கிது. அது புள்ளைட வயித்துக்கு ஆகாதுன்னு தெளிஞ்ச தண்ணிய மட்டும் குடுத்தேன்."

மருந்தெல்லாம் அடியில் கிடக்க, பிள்ளை வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறது! நளீபாவைக் குறை சொல்ல நாக்கு எழுமா? அந்தத் தெருவுக்கு மருந்தென்றால் போத்தல், போத்தலென்றால் கோடு. அப்படிப் பழக்கி வைத்ததே கடைக்காரர்கள்தான்.

கௌரி புதுக் குளிசையொன்றைக் கரண்டியில் நசுக்கி, சீனித் தண்ணீரில் குழைத்துக் காட்டினாள். பிறகு கரண்டியை நளீபாவிடம் கொடுத்தாள். "மண்டியும் மிச்சமில்லாமல் குடுக்க வேணும். இப்ப நீங்கள் செய்து, எனக்குச் சொல்லுங்கோ." நளீபா பிசகில்லாமல் சொல்லும்வரை அவள் விடவில்லை; பிறகுதான் புதிதாகக் குளிசைகளை எண்ணிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று மாலை வகுப்பில், "சேர், குளிசை குடுக்கிறதுக்கும் ஒரு பாடம் வேணும்" என்றாள் கௌரி.

"ஏன், எண்ணத் தெரியாதா?" என்று சிரித்தார் ஒஸ்வால்ட். நளீபாவின் கதையைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அன்றைய பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, தானே நோயாளியாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு மருந்து தாருங்கோ பார்ப்போம்" என்றவர், வேண்டுமென்றே எல்லாவற்றையும் பிழையாக விளங்கிக்கொண்டு மாணவர்களை வியர்க்க வைத்தார். அன்றிலிருந்து அதுவும் ஒரு பாடமாயிற்று. வகுப்பே சிரித்தது. கௌரிக்கு மட்டும் நினைப்பெல்லாம் அந்தப் பிள்ளையிடம்தான் இருந்தது. அதற்கு ஏதும் நடந்துவிட்டால் இந்தத் தொழிலே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

நாலு நாள் நளீபாவைக் காணவில்லை. ஐந்தாம் நாள் காலை, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். கௌரி மேசைக்கு மேலால் எட்டிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. யாரோ முன்பின் தெரியாதவள் தொடுகிறாளே என்று பிள்ளைக்குக் கோபம் வந்து, அவள் கையில் ஓங்கி ஓர் அடி போட்டது.

அந்த அடியில் இருந்த பலத்தை உணர்ந்து, கௌரி சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.