மேஜைக்கு அடியில் ஒரு நாவலாசிரியர்

தரையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் அவர் எழுதத் தொடங்குவார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில், நெஞ்சுக்குத் தலையணை கொடுத்து, குப்புறப் படுத்தபடி. பக்கத்தில் நாய். "நாய் கண்ணால பாக்கணும்னா நாய் உயரத்துக்கு வரணும்ல?" என்பது அவர் கட்சி. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அதை மூடியதும், வேறு வேலை தேடாமல், ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை அந்த வீட்டு நாயே சொல்வதாக நாவல் எழுத உட்கார்ந்தார். இல்லை, படுத்தார்.

கஷ்டத்தைத் தேடி அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. மனைவி துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கொண்டுவருவதில்தான் வீடு ஓடுகிறது. ஆனால் நாவலில் கஷ்டப்படுகிறவர் குடும்பத் தலைவர் மட்டுமே. நாய்க்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். எஜமானியோ அதற்கு ஒரு வாய் போட மனம் வராத கல்நெஞ்சக்காரி. நிஜ நாய் இதையெல்லாம் படிக்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே அவரை மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடும்.

போன வாரம் அவள் சொல்லிவிட்டாள்: "நமக்கே பத்தல. ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்து நாயக் கூட்டிட்டுப் போகட்டும்."

அவர் பதறிப்போனார். "ஐயோ, கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கே!"

அவள் துணி மடிக்கத் தொடங்கினாள்.

வழக்கமாக அவள் வருவதற்குள் அவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போயிருப்பார். சனிக்கிழமை அந்தக் கடைசி அத்தியாயம் அவரை விடவில்லை. கல்நெஞ்சைப் பற்றி மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தபோது அவள் வந்து, தட்டோடு மேஜையில் உட்கார்ந்தாள். அவர் மூக்குக்கு நேரே அவள் பாதங்கள். செருப்பு வார் பதிந்து, கணுக்கால்வரை வீங்கிக் கிடந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது. அப்போது அவள் கை கீழே இறங்கியது. அதில் அவள் ரொட்டியில் பாதி. நாய் அவசரமே படாமல் வாங்கிக்கொண்டது. தினமும் நடப்பதுதான் போலும்.

கை மறுபடி இறங்கியது. மிச்சப் பாதி.

"அது நாய்க்கு. இது உங்களுக்கு" என்றது மேலிருந்து குரல். "தம்பிய வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நிம்மதியா எழுதுங்க."

அவர் ரொட்டியை வாங்கவில்லை. பேனாவை மூடினார். நெஞ்சுக்கு அடியிலிருந்த தலையணையை உருவி, அந்தப் பாதங்களுக்குக் கீழே மெல்லத் தள்ளினார்.